இடமிருந்து நான்காவது

திருச்சுழி
17 ஜனவரி 2026

ஃபர்ஹானா அக்காவுக்கு,

அந்தப் போட்டோவில் நான் முதலில் கவனித்தது சட்டைப் பட்டன்தான். முகத்தை இல்லை.

திருச்சுழியில் செல்வலட்சுமி அக்கா நடத்தும் தையல் யூனிட்டில் நான் காஜா போடுகிறேன். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை. ஆண்கள் சட்டை என்றால், போடுகிறவருக்கு இடது பக்கம் காஜா, வலது பக்கம் பட்டன். பெண்கள் சட்டைக்கு அது மாறி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டு ஆண்கள் சட்டைக்கு மாற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எதிரில் யார் வந்தாலும் என் கண் சட்டையில்தான் போய் நிற்கிறது. முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம் என்பதும் ஒரு காரணம்.

என் பெயர் கனகலட்சுமி. வயது பதினேழு. ஊர் நரிக்குடிப் பக்கம். பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் மன்சூர் அலி எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெரியப்பா கோட்டைச்சாமியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார். அப்போது சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்காமலே கதவோரம் நின்ற பெண் நான்தான். அவர் வைத்துவிட்டுப் போன சீட்டைப் பெரியப்பா கசக்கி எறிந்தார். நான் எடுத்து நீவி வைத்தேன். அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார்க்க எழுதுகிறேன். பெங்களூரில் ஒருவர் பழைய பட்டாளத்துப் படங்களைச் சேர்த்து, அதில் இருப்பவர்களின் குடும்பங்களைத் தேடுகிறார். அவர்தான் 1942-இல் கப்பலேறுவதற்கு முன்னால் எடுத்த இந்தப் படத்தையும், கூடவே ஒரு பெயர்ப் பட்டியலையும் இரண்டு வீட்டுக்கும் அனுப்பினார். முன்னால் அதிகாரிகள் நாற்காலியில். அவர்களுக்குப் பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து நான்காவது என் அப்பாவின் தாத்தா சீமைச்சாமி. எட்டாவது உங்கள் அத்தாவைப் பெற்ற அத்தா காசிம். இருவருமே பர்மாவிலிருந்து திரும்பவில்லை.

எங்கள் படத்தில் அத்தனை பேருக்கும் காஜா வலது பக்கம் இருக்கிறது. இத்தனை பட்டாளத்துக்காரர்களும் பொம்பளைச் சட்டை போட்டிருக்க முடியாது. நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இடம் வலமாகிவிடும். நாங்கள் நான்காவது என்று எண்ணியவர் எட்டாவது. நீங்கள் எட்டாவது என்று எண்ணியவர் நான்காவது.

சீமைச்சாமி எங்கள் வீட்டுக்குச் சாமி. உடம்பு வராததால் அவர் விட்டுப்போன தகரப்பெட்டியை வைத்துத்தான் சிவராத்திரிக்குக் கும்பிடுவோம். முகம் கிடைத்துவிட்டது என்று இந்த வருடம் சிலை செய்கிறார்கள். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை காலை கண் திறப்பு. சிலைக்காரர் கடைசியாகக் கண்ணைத்தான் எழுதுவார். எழுதிவிட்டால் அது சாமி. பிறகு யாரும் கை வைக்கக் கூடாது.

உங்களிடம் இருக்கும் படத்திலும் காஜா வலது பக்கம்தானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். யூனிட் முகவரி கீழே இருக்கிறது. எங்கள் வீட்டில் போன் பெரியப்பாவிடமும் அவர் மகன் முகேஷிடமும்தான் இருக்கிறது. போன் கிடைத்தாலும் நான் அதில் பேசமாட்டேன். எனக்கு வார்த்தை நின்றுவிடும்.

இப்படிக்கு,
கனகலட்சுமி

*

வீரசோழன்
22 ஜனவரி

கனகலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தக் காலத்தில் கடிதமா என்று தபால்காரரே சிரித்தார்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இதை நீயாக எழுதினாயா, உன் பெரியப்பா எழுதச் சொன்னாரா?

என் அண்ணன் சண்டை போட உங்கள் ஊருக்கு வரவில்லை. நரிக்குடி பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அதில் உங்கள் பூட்டன் முகத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒருத்தர், "என்ன பாய், ஒங்களை எப்பச் சாமியாக்குனாக? சொல்லவே இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தால், மீசையை மட்டும் எடுத்துவிட்டால் அவன் முகமேதான். அவனுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் உங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் படத்தோடு உங்கள் படத்தை வைத்துப் பார்க்கலாமா என்றுதான் கேட்டான். "எங்க சாமியில பங்கு கேட்டு வந்திருக்கியா?" என்றாராம் உன் பெரியப்பா. அதற்கு மேல் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீயும் கேட்டிருப்பாய், கதவோரம்தானே நின்றாய்.

இப்போது என் வீட்டுக் கதை கேள். என் அத்தா ஜமால் மைதீனுக்கு எண்பத்து மூன்று முடிந்துவிட்டது. அவர் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அவருடைய அத்தா கப்பலேறினார். தகப்பன் முகத்தைப் பார்க்காத ஆள். போன நவம்பரில்தான் பார்த்தார். எட்டாவது ஆள் படம் எடுத்த நேரத்தில் கண்ணை இமைத்துவிட்டார் போலிருக்கிறது, கண் மூடியிருக்கும். அத்தா அதைப் பார்த்துவிட்டு, "பாரு, பட்டாளத்துல நின்னாக்கூட துஆ கேக்குறாக" என்றார். அந்த முகத்தை மட்டும் தனியாகப் பிரிண்ட் போட்டுக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். மூச்சு வாங்குகிற மனிதர். படுத்தபடியே அதோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

நீ ஒரு பட்டனைக் காட்டி அந்த முகத்தை அவரிடமிருந்து பிடுங்கச் சொல்கிறாய். நான் ஏன் பார்க்க வேண்டும்?

ஃபர்ஹானா

பி.கு. உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். வெளிநாட்டில், தம்மாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் சட்டை ஒன்றை எடுத்து மேலே போட்டுப் பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். பிறகு சட்டையோடு போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இதை அத்தாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

*

திருச்சுழி
25 ஜனவரி

ஃபர்ஹானா அக்காவுக்கு,

நானாகத்தான் எழுதினேன். யாரும் சொல்லவில்லை.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதை எழுதாமல் இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

எங்கள் வீட்டில் எண்ணியது நான்தான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். பள்ளிக்கூடம் தூரம், பஸ் சரியில்லை, பொம்பளைப் பிள்ளை எதற்கு என்று பெரியப்பா நிறுத்திவிட்டார். முகேஷ் கல்லூரியில் படிக்கிறான், ஆனால் அன்று அவன் ஊரில் இல்லை. பெயர்ப் பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. "ஏ கனகு, ஒம்பதாப்பு, இங்க வா. இதை வாசி" என்றார் பெரியப்பா. எழுத்துக் கூட்டி வாசித்தேன். வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். படத்தில் விரலை வைத்து இடது ஓரத்திலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி, "இவுகதான்" என்றேன்.

அக்கா, அந்த விரலை எடுப்பதற்குள் எங்கள் அம்மா அழுதுவிட்டது. "அப்படியே ஒங்க அப்பா நெத்தி" என்றது. பெரியப்பா, "மூக்கைப் பாருங்கடா, எங்க வம்சத்து மூக்கு" என்றார். அத்தைகள் ஆளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரியப்பா என் தலையில் கை வைத்து, "சீமைச்சாமிய வீட்டுக்குக் கூட்டியாந்தவ நீதான்" என்றார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் நான்கு நாள் கழித்து, படத்துக்கு மாலை போடும்போது பட்டன் கண்ணில் பட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சிலைக்கு அச்சாரம்கூடக் கொடுக்கவில்லை. நான் சொல்லவில்லை. பட்டாளத்துச் சட்டை வேறு மாதிரி தைப்பார்களோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்தக் கையைத் தலையிலிருந்து எடுத்துவிடுவார்களே என்றுதான்.

பிறகு உங்கள் அண்ணன் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பு கையில் இருந்தபடியே இருந்துவிட்டது.

உங்கள் அத்தாவிடம் பிடுங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் தலையணைக்கு அடியில் இருப்பது எங்கள் பூட்டன். எங்கள் பீடத்தில் நிற்கப்போவது உங்கள் அத்தாவின் அத்தா. அவர் முகத்துக்குச் சிவராத்திரியன்று கிடா வெட்டுவார்கள். பாட்டில் உடைத்து வைப்பார்கள். சுருட்டுப் பற்ற வைத்து உதட்டில் வைப்பார்கள். எங்களுக்கு அது மரியாதை. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீரசோழனிலிருந்து ஒரு பெண் என்னோடு ஒன்பதாவது வரை படித்தாள்.

என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள்.

கனகலட்சுமி

*

வீரசோழன்
31 ஜனவரி

கனகு,

உன்னை அப்படிக் கூப்பிடலாம்தானே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை என் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது. எட்டாவது ஆளைப் பார்த்து என் பெரியம்மா மகள், "ஒங்க அத்தா தாடை, அப்படியே ஒங்க அத்தா தாடை" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உங்கள் பூட்டன் தாடை அது.

கிடா விஷயத்தைப் படித்ததும் கடிதத்தோடு எழுந்து போனேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மன்சூர் முதலில் போனை எடுத்து ஒரே அமுக்கில் படத்தைத் திருப்பிக் காட்டினான். காஜா இடது பக்கம் போய்விட்டது. நடுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நெஞ்சில் பதக்கப் பட்டை குத்தியிருக்கிறதே, அது நம் படத்தில் வலது நெஞ்சில் இருக்கிறது. பட்டை எப்போதும் இடது நெஞ்சில்தானாம். பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டான். அவர் இரண்டு நாள் கழித்து நெகட்டிவை எடுத்துப் பார்த்துவிட்டு, "புரட்டித்தான் போட்டிருக்கிறேன், மன்னிக்கணும், இத்தனை பேர் பார்த்தும் யாருமே சொல்லலையே, ஒங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாராம். மன்சூர், "காஜா போடுற புள்ள ஒண்ணு" என்றானாம்.

அதே பெங்களூர்க்காரர் உன் பெரியப்பாவுக்கும் போன் செய்திருக்கிறார். உன் பெரியப்பா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அந்த பாய் ஒமக்கு எம்புட்டுக் குடுத்தான்?"

மன்சூருக்கு ரத்தம் கொதிக்கிறது. ஜமாத்தில் சொல்லி, பத்துப் பேரோடு போய்க் கேட்பேன் என்கிறான். நான் காலைப் பிடிக்காத குறை. பத்துப் பேர் இங்கிருந்து கிளம்பினால் அங்கே இருபது பேர் நிற்பார்கள். அப்புறம் அது போட்டோ விஷயமாக இருக்காது. நரிக்குடி சந்தையில் ஒருத்தர் கடையில் ஒருத்தர் சாமான் வாங்குகிற ஊர் இது. அப்படியே இருக்க வேண்டும்.

உன் வீட்டு ஆள் சொன்னால்தான் உன் வீட்டில் எடுபடும். நீ சொல்ல வேண்டும் கனகு. வேறு யாரும் சொல்ல முடியாது.

அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் தைரியம் சொல்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஃபர்ஹானா

*

வீட்டிலிருந்து
4 பிப்ரவரி

அக்கா,

உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போது பிரித்திருந்தது.

திங்கட்கிழமை முகேஷ் யூனிட்டுக்கு என்னைக் கூப்பிட வந்தான். தபால்காரரும் அப்போதுதான் வந்தார். "ஏய் கனகு, இது யாருக்கு?" என்று விளையாட்டாகத்தான் வாங்கினான். அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

வீட்டில் எல்லோர் முன்னாலும் பெரியப்பா அதை வாசிக்கச் சொன்னார். முகேஷ் வாசித்தான். வாசித்து முடித்ததும் பெரியப்பா என்னைப் பார்த்து, "சொல்லு. என்ன கண்டுபிடிச்ச, சொல்லு" என்றார்.

முகேஷ் போட்டிருந்த சட்டையைக் காட்டினேன். படத்தைக் காட்டினேன்.

"எங்க சாமி பொம்பளைச் சட்டை போட்டிருக்குன்றியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"காஜா போடுறவ பட்டாளத்துக்குக் கணக்குச் சொல்றா. நல்லாருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எப்போதும் அப்படித்தான். அண்ணனுக்கு முன்னால் உட்காரவும் மாட்டார்.

முகேஷ் போனில் படத்தைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது அக்கா, அவன் கண்ணில் தெரிந்தது. "அப்பா, அவ சொல்றது..." என்று ஆரம்பித்தான். பெரியப்பா விடவில்லை. "போன்ல கழுதையக்கூடக் குதிரையாக்கலாம்டா" என்றார். பிறகு எட்டாவது ஆளை விரலால் தட்டிக் காட்டி, "இவனா? போட்டோப் புடிக்கையில கண்ணை மூடுனவனா எங்க தாத்தன்? கண்ணை மூடுன ஆளுக்கு நான் எப்படிடா கண் திறக்குறது?" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. ஃப்ளெக்ஸ் போட்டாயிற்று. சுற்றியிருக்கும் எட்டு ஊர் பங்காளிகளுக்கும் அழைப்பு வைத்தாயிற்று. அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. என்னைவிட அதிகமாக.

யூனிட்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். செல்வலட்சுமி அக்கா மட்டும் கட்டுக் கட்டாகச் சட்டையை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. கை காஜா போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் அந்தக் கட்டுக்குள்தான் வருகிறது. நீங்கள் செல்வலட்சுமி அக்கா பெயருக்கு அனுப்பினால், கட்டுக்குள் வைத்து என்னிடம் சேர்த்துவிடும்.

இன்னொன்று. கண் திறப்பில் சிலைக்கு எதிரே கண்ணாடி பிடிக்க வேண்டும். சாமி முதலில் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்க்கும். பிறகுதான் பசுவும் கன்றும், பிறகுதான் ஜனங்கள். கண்ணாடி பிடிப்பது அந்த வம்சத்தில் கல்யாணமாகாத மூத்த பெண். பூசாரி போன மாதமே என் பெயரைச் சொல்லி விபூதி கொடுத்துவிட்டார். இனி மாற்றினால் குற்றமாம். அதனால் பெரியப்பா சொல்லிவிட்டார்: "கண்ணாடிய நீதான் புடிக்கணும். புடிச்சிட்டு வாயை மூடிட்டு வரணும். வாய்தான் ஒனக்கு இல்லையே, சிரமமில்ல."

அம்மா ராத்திரி சோறு போடும்போது மெதுவாகச் சொன்னது: "விட்டுருடி. சாமி யாரு மொகத்துல இருந்தா என்ன, கும்பிடுறது நம்ம மனசுதானே." அம்மா சொல்வதும் சரிதானோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

சரியா அக்கா?

கனகு

*

வீரசோழன்
9 பிப்ரவரி

கனகு,

உன் அம்மா சொன்னதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அத்தாவிடம் இருந்தது.

நேற்று சொல்லிவிட்டேன். நேராகச் சொல்ல வரவில்லை. படத்தைக் கையில் கொடுத்து, "அத்தா, இவுக நம்ம ஆளு இல்லையாம்" என்றேன்.

கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இவுகளுக்கு யாரும் இல்லையா?"

"இருக்காக. நரிக்குடிப் பக்கம்."

"அப்புறம் ஏன் இங்க வந்தாக?"

"தெரியாம வந்துட்டாக அத்தா."

மன்சூர் போனில் இன்னொருவர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினான், எங்கள் நிஜமான ஆளை. அத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது நீயில்லடா? ஏன் இப்படி முறைக்கிற?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கண்ணை மூடுன படத்தை அவுககிட்டக் குடுத்திருவோமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "மூணு மாசமா நான் இவுககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி இன்னொருத்தர்கிட்ட முதல்ல இருந்து சொல்ல எனக்கு மூச்சு இல்ல. அவுக ஆளுக வந்து கேக்கட்டும், அப்பக் குடுக்குறேன்." திரும்பவும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். சிலையைப் பற்றி மன்சூர் முன்பே உளறியிருக்கிறான். "எங்க அத்தாவை அங்க நிறுத்த வேணாம்னு அந்தப் புள்ளைக்கு எழுது. கோவத்துல சொல்லல. அவுக அந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி. கெடா வெட்டு, பாட்டில்னு வச்சா என்ன செய்யன்னு தெரியாம சங்கடப்பட்டு நிப்பாக. எறங்கி வரவும் முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இவுகளும் பாவம். சொந்த வீட்டுல கெடா வெட்டி விருந்து வைக்கிறாக, இவுக இங்க என் தலகாணிக்கடியில கெடக்காக" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

மன்சூர் விஷயம். வெள்ளிக்கிழமை காலை அவன் உங்கள் ஊருக்கு வருவான். தனியாக வருவான், வாய் திறக்க மாட்டான். அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்த சத்தியம். ஓரமாக நிற்பான். அந்த முகத்துக்குக் கண் எழுதிவிட்டால், திரும்பி வந்து ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாத்தில் சொல்லிவிடுவான். அதற்கு மேல் என் கையில் எதுவுமில்லை.

போனில் திருப்பிய படத்தை உன் பெரியப்பா நம்பமாட்டார், பெங்களூர்க்காரரை நம்பமாட்டார், என் அண்ணனை நம்பவே மாட்டார். எதை நம்புவார் என்று உனக்குத்தான் தெரியும்.

வாய் இல்லை என்றாரா உன்னை? எனக்கு நான்கு கடிதம் எழுதியிருக்கிறாய்.

ஃபர்ஹானா அக்கா

*

வீட்டிலிருந்து
13 பிப்ரவரி, வெள்ளி, மாலை

ஃபர்ஹானா அக்காவுக்கு,

மன்சூர் அண்ணன் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார். சிலை கண் எழுதாமல் துணி மூடி இருக்கிறது என்பதையும், பெரியப்பா தனியாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும், முகேஷ்தான் அவரைப் பஸ் வரை கொண்டுவந்து விட்டான் என்பதையும் சொல்லியிருப்பார். அவர் வேலிக்கு வெளியே நின்றதால் பாதிதான் பார்த்திருப்பார். மீதியை நான் எழுதுகிறேன். மூன்று கடிதம்தான் எழுதியிருந்தேன். இதுதான் நான்காவது.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். மேளம் அடித்தார்கள். சிலை கிழக்கே பார்த்து நின்றது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு முழுப் படத்தையும் மாலையோடு வைத்திருந்தார்கள், சிலை மாதிரியே கிழக்கே பார்த்து. நாற்காலிக்குப் பின்னால் பெரியப்பா. சிலைக்காரர் ஏணிப்படியில் ஏறி, தூரிகையைக் கறுப்பில் தொட்டு வைத்திருந்தார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தது. ஒரு முழம் உயரம் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதுதான். சிலைக்கு எதிரே போய் நின்றேன்.

"தூக்கிப் புடி தாயி, முகத்துக்கு நேரா" என்றார் சிலைக்காரர்.

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. போன் பொய் சொல்லும் என்பார் பெரியப்பா. ஆள் காசு வாங்கிக்கொண்டு பேசுவான் என்பார். ஆனால் தினம் காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் மீசை ஒதுக்குகிறார். அது பொய் சொல்லும் என்று அவரால் சொல்ல முடியாது. சாமியே முதலில் அதை நம்பித்தான் கண் திறக்கிறது.

நான் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். கண்ணாடி சிலையை விட்டு நாற்காலிக்கு எதிரே வந்தது.

"ஏய் கனகு, அங்கிட்டு எங்கடி போற? சாமிக்குக் காட்டுடி!"

மேளம் நின்றுவிட்டது. அழைப்புக்கு வந்த பங்காளிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மன்சூர் அண்ணனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டேன். இடது பக்கம் காஜா.

ஏணியிலிருந்த சிலைக்காரர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். திரும்பி நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடிக்குள் பார்த்தார். "பொறுங்க" என்றார். தூரிகையைக் கீழே இறக்கினார். பெரியப்பாவும் நாற்காலிக்குப் பின்னால் இருந்தபடி கண்ணாடியைப் பார்த்தார். அவரும் சட்டை தைத்துப் போடுகிறவர்தானே அக்கா.

அம்மாவிடம் திரும்பி, "இப்படியே புடிம்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தது. கண்ணாடியை வாங்கி, நான் பிடித்த மாதிரியே பிடித்தது.

நான் நாற்காலிப் பக்கம் வந்து கண்ணாடிக்கு எதிரே நின்றேன். உள்ளே பதினோரு பேரும் சரியான சட்டையோடு நின்றார்கள். கண்ணாடியில் விரலை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இடது ஓரத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினேன்.

ஒண்ணு.

ரெண்டு.

மூணு.

நாலாவது ஆளின் மூடிய கண்மேல் விரல் போய் நின்றது. எடுக்கவில்லை. "இவுகதான்" என்றேன்.